தாய்லாந்துக் கரைகளில் ஒரு மாதம், தக்குவாபாவில் இரண்டு மாதம்: அனுபவமும் கேள்விகளும்

அலைகரை (முள்ளியவளை)

கட்டாரில் இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து வீடு திரும்பியபோது, அடுத்த வேலைக்குச் சேருமுன் மூன்று மாதங்களை எனக்கென்று ஒதுக்கிக்கொள்வது என்று தீர்மானித்தேன். சனவரி 8 அன்று கட்டுநாயக்கவில் விமானமேறி ஏப்ரல் 5 அன்று திரும்பினேன். முதல் மாதம் முதுகுப்பையோடு கரை கரையாகச் சென்றேன். அடுத்த இரண்டு மாதமும் தக்குவாபா என்ற சிறிய ஊரில் அறை எடுத்து இருந்தேன். ஊர் நண்பர்கள் சிலர் விவரம் கேட்டுக்கொண்டே இருப்பதால் எல்லாவற்றையும் இங்கே ஒருமுறை எழுதிவிடுகிறேன்.

பாங்கொக்கிலிருந்து தெற்கே போகும் மூன்றாம் வகுப்புத் தொடருந்தில் ஏறினேன். பெச்சபுரியை நெருங்கும்போது வயல் வரம்புகளில் பனைமரங்கள் வரிசையாக நிற்பதைக் கண்டு, பூநகரிப் பக்கம் வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் திகைத்தேன். அந்த மாகாணம் பனங்கட்டிக்குப் பெயர்போனது என்பதைப் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒரு கட்டியை உடைத்துத் தந்தபோதுதான் அறிந்தேன். பிரச்சுவாப் கீரி கானில் மூன்று நாள் இருந்தேன். அங்கே ஆவ் மனாவ் என்னும் அழகான குடாவொன்று விமானப்படை முகாமுக்கு உள்ளேயே இருக்கிறது. வாசலில் பதிந்துவிட்டு எவரும் குளிக்கப் போகலாம். படைமுகாமுக்குள் துவாயோடு நடந்துபோகும் அனுபவம் நம்மவர்களுக்கு எப்படி இருக்கும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

சும்போனிலிருந்து படகில் கோ தாவ், பிறகு கோ பாங்கான் என்று இரு தீவுகளுக்குப் போனேன். கோ தாவ் போகும் வழியில் கடல் அடித்த அடியில் படகில் பாதிப்பேர் வாந்தி எடுத்தார்கள். தீவுகள் அழகானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் பத்துப் பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டிலுக்குக் கொடுத்த பணமும், மூன்று நாளுக்கொருமுறை பையைக் கட்டி அவிழ்த்த அலுப்பும், நாள்தோறும் புதிதாக ஒருவரிடம் "எந்த நாடு, எத்தனை நாள்" என்று ஒரே பேச்சைத் தொடங்கிய சலிப்பும் சேர்ந்து, நான்காவது கிழமையில் ஓரிடத்தில் இருந்துவிட வேண்டும் என்ற எண்ணத்தை உண்டாக்கின. சூரட் தானியில் இறங்கி, காவோ சோக் மலைக்காட்டை ஊடறுத்துச் செல்லும் 401ஆம் இலக்க வீதியில் பேருந்தில் மேற்குக் கரைக்கு வந்தேன். வீதி முடியும் இடத்தில் தக்குவாபா இருந்தது.

தக்குவாபா என்றால் ஈயக்காடு என்று பொருள். வெள்ளீயம் தோண்டிய காலத்தில் ஹொக்கியன் சீனர்கள் கட்டிய ஈரடுக்குக் கடைவீடுகள் பழைய தெருவில் இன்னும் நிற்கின்றன. கடல் ஊருக்குள் தெரியாது. மோட்டார் சைக்கிளில் இருபது நிமிடம் போனால் பாங் சாக் கரை, அதற்குத் தெற்கே காவோ லாக். மின்விசிறியும் தனிக் குளியலறையும் உள்ள அறைக்கு மாதம் 5,000 பாத் கொடுத்தேன். ஒரு பாத் ஒன்பது ரூபாய் அளவில் இருந்தது. காவோ லாக்கின் கரையோர விடுதியில் அதே பணம் ஐந்தாறு இரவுகளுக்கே போதுமானதாக இருந்திருக்கும். ஆகவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சில மாதம் தங்கப் போகிறவர் மணலில் தங்கக்கூடாது, மணலுக்குப் பின்னாலுள்ள ஊரில் தங்க வேண்டும். கரையில் இருந்தால் நீங்கள் வாடிக்கையாளர். ஊரில் இருந்தால் இரண்டாவது கிழமையிலிருந்து அயலவர்.

நெடுங்கேணித் தம்பி

அண்ணா, நன்றி. எனக்கு மூன்று கேள்விகள் உள்ளன. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா எப்படி? மூன்று மாதத்துக்கு மொத்தமாக எவ்வளவு முடிந்தது? வீட்டில் என்ன சொல்லிப் புறப்பட்டீர்கள்? மூன்றாவதுதான் எனக்கு மிகக் கடினமாக இருக்கிறது.

அலைகரை

தம்பி, 2024 ஜூலை 15 முதல் தாய்லாந்து விசாவின்றி 60 நாள் தங்க அனுமதித்த நாடுகளில் இலங்கையும் சேர்ந்தது. நான் அந்த ஏற்பாட்டில்தான் போனேன். இவ்வகை விதிகள் அரசுகளின் விருப்பத்துக்கேற்ப மாறுபவை என்பதால், சீட்டு எடுக்குமுன் தூதரகத்தின் தளத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வந்திறங்கும் நாளே முதலாவது நாளாகக் கணக்கிடப்படும். அறுபது நாள் முடியுமுன் மாகாணக் குடிவரவு அலுவலகத்தில் 1,900 பாத் கட்டி மேலும் 30 நாள் பெற்றேன். கணக்குத் தவறி மேலதிகமாகத் தங்கினால் நாளொன்றுக்கு 500 பாத் தண்டம். 2025 மே 1 முதல் வருகை அட்டையை இணையத்தில், தாய்லாந்தில் வந்திறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். திரும்பும் சீட்டும், ஆளுக்கு 20,000 பாத் பெறுமதியான பணமும் காட்டத் தயாராக இருங்கள். எனக்கு முன்னால் நின்ற ஐரோப்பியர் எவரையும் கேட்காத அதிகாரி, என்னிடம் இரண்டையும் கேட்டார்.

வாடகைக்கு இருப்போரை வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். அதைச் செய்யாத வீட்டுக்காரரிடம் அறை எடுத்தால் நீடிப்புக் கேட்டுப் போகும்போது உங்களுக்குத்தான் தலையிடி. அறை பேசும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

செலவு, விமானச் சீட்டு உட்பட ஏறத்தாழ ஆறரை இலட்சம் ரூபாய். அதில் தீவுகளில் கழித்த முதல் மாதம் மட்டுமே பாதியைத் தின்றது என்பதைக் கவனியுங்கள்.

வீட்டில் உண்மையைச் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. நான் கட்டிய பையை அவிழ்த்து, கடவுச்சீட்டின் பிரதியையும் பிறப்புச் சான்றிதழின் பிரதியையும் பொலித்தீன் பையில் சுற்றி, அடியில் அல்லாமல் மேலேயே வைத்தார். அது 2009இலிருந்து அவருக்கு இருக்கும் பழக்கம். அதற்கு மேல் எனக்கும் பேச்சு வரவில்லை.

செம்மலை வாடி

கடலைப் பற்றி ஒரு சொல். தம்பி அலைகரை கோ தாவில் அலையடித்தது என்று எழுதியிருக்கிறார். சனவரியில் அங்கே போனால் அடிக்கத்தான் செய்யும். மலாய்த் தீபகற்பத்தின் இரு கரைகளுக்கும் பருவம் வேறு. கிழக்கே வளைகுடாப் பக்கத்துக்கு ஒக்ரோபரிலிருந்து டிசம்பர் வரை மழையும் காற்றும் பலம், சனவரியிலும் அதன் மிச்சம் இருக்கும். எங்கள் முல்லைத்தீவுக் கரைக்கு வாடை வீசும் அதே காலம். மேற்கே அந்தமான் பக்கத்துக்கு மே முதல் ஒக்ரோபர் வரை. அது நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துக்குச் சோளகம் (தென்மேற்குக் காற்று) பெயரும் காலம். ஆகவே நம்மவர்களுக்குச் சுலபமான கணக்கு இதுதான்: நாயாற்றில் வள்ளம் இறக்க முடியாத மாதங்களில் அந்தமான் கரைக்குப் போங்கள்.

ஓரிடத்தில் சில மாதம் இருந்து எழும்பும் வாழ்க்கை எங்கள் கரைக்குப் புதியதும் அன்று. மேற்குக் கரைத் தொழிலாளர் தங்கள் கடல் கொந்தளிக்கும் காலத்தில் நாயாறு, கொக்கிளாய்க்கு வந்து வாடி (கரையோரத் தற்காலிகக் குடில்) போட்டுத் தொழில் செய்துவிட்டுப் பருவம் மாற எழும்பிப் போவார்கள். அதிலுள்ள பிணக்குகளை இந்த இழையில் இழுக்க நான் விரும்பவில்லை. ஆனால் வாடி போடுகிறவருக்குத் தெரிந்த ஒரு பாடம் பயணிகளுக்கும் வேண்டும் என்று நினைக்கிறேன். வந்தவர் முதலில் உள்ளூர்க்காரர் எங்கே வலை போடுகிறார், எங்கே போடுவதில்லை என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குளிப்பதற்கும் அதே விதிதான்.

அலைகரை

செம்மலை அண்ணா சொல்வது முற்றிலும் சரி. நான் பருவத்தைப் பார்க்காமல், படத்தைப் பார்த்து வழியை வகுத்துவிட்டேன். முதலில் அந்தமான் கரையும், மார்ச்சுக்குப் பிறகு வளைகுடாத் தீவுகளும் என்று திருப்பிப் போட்டிருந்தால் இரண்டு பக்கமும் அமைதியான கடல் கிடைத்திருக்கும்.

கோ பாங்கானில் கரையோரக் கம்பங்களில் வினாகிரிப் போத்தல்கள் கட்டியிருந்தார்கள். சாலட்டுக்கு என்று நினைத்துச் சிரித்தேன். பெட்டிச் சொறி எனப்படும் கொடிய சொறிமுட்டை (ஜெல்லிமீன்) தீண்டினால் உடனே ஊற்றுவதற்கு என்று பிறகு தெரிந்தது. அந்தத் தீண்டலால் உயிர் போவதும் உண்டு. அதன்பின் உள்ளூர்ப் பிள்ளைகள் இறங்காத இடத்தில் நான் காலைக்கூட நனைக்கவில்லை.

மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகிறது. ஆனால் "தாய்லாந்தில் கணினி வேலை, தங்குமிடம் இலவசம்" என்ற விளம்பரங்களை நம்பிப் புறப்படுவோர் நம் மாவட்டங்களிலும் இருப்பதால் ஓர் எச்சரிக்கையை இங்கே பதிகிறேன். பாங்கொக்கில் வரவேற்று, வண்டியில் ஏற்றி, மே சொட் எல்லை வழியாக மியன்மாரின் மியாவாடிப் பகுதிக்குக் கொண்டுபோய் இணைய மோசடி முகாம்களில் அடைக்கிறார்கள். அவ்வாறு அகப்பட்ட இலங்கையர்கள் 2024இல் மீட்கப்பட்டுத் திரும்பியது செய்தியாக வந்தது. அலைகரையிடம் அதிகாரி கூடுதலாகக் கேள்வி கேட்டதற்கும் இதுவே ஒரு காரணமாக இருக்கக்கூடும். சுற்றுலா அனுமதியில் வேலை தருவதாக எவர் சொன்னாலும் அது பொய்.

நெடுங்கேணித் தம்பி

அப்படியானால், ஊரிலிருந்து செய்யும் இணைய வேலையை அங்கிருந்து செய்வது?

மட்டுறுத்துநர்

அதற்கென்று 2024 ஜூலையில் தொடங்கிய தனி விசா உண்டு. ஐந்து வருடம் செல்லுபடியாகும். ஒரு வருகைக்கு 180 நாள் இருக்கலாம். கட்டணம் 10,000 பாத். ஆனால் 500,000 பாத் சேமிப்பைக் காட்ட வேண்டும், அதாவது நாற்பத்தைந்து இலட்சம் ரூபாய்க்கு நிகரானது. கிளிநொச்சியில் அந்தப் பணம் வைத்திருப்பவர் வேலையைத் தூக்கிக்கொண்டு தாய்லாந்துக்குப் போவாரா, காணி வாங்குவாரா என்பது வேறு கேள்வி.

மருதமடு

நான் மன்னாரிலிருந்து எழுதுகிறேன், வவுனியாவில் வேலை. பெண் ஒருத்தி தனியாக அப்படி ஒரு சிறிய ஊரில் இரண்டு மாதம் இருக்க முடியுமா என்று எவரும் கேட்கவில்லை என்பதால் நான் கேட்கிறேன். பாதுகாப்பு என்ற ஒரு சொல்லில் பதிலை முடித்துவிட வேண்டாம், அலைகரை. அறைக்குத் தாழ்ப்பாள் எப்படி, மாலையில் தெருவில் யார் இருப்பார்கள், சுகமில்லாமல் போனால் யார் வருவார்கள் என்ற அளவுக்கு எழுதுங்கள். மேலும் நான் மீன் சாப்பிடாதவள்.

அலைகரை

அக்கா, நான் இருந்த கட்டடத்தில் எட்டு அறைகள். ஐந்தில் தனியாக வாழும் பெண்கள் இருந்தார்கள். மூவர் மருத்துவமனையிலும் இருவர் காவோ லாக் விடுதிகளிலும் வேலை செய்பவர்கள், இரவுப் பணி முடித்து மோட்டார் சைக்கிளில் தனியே வருவார்கள். வீட்டுக்கார அம்மா கீழே அரிசிக்கடை வைத்திருந்ததால் வாசலைத் தாண்டி எவரும் அவருடைய கண்ணுக்குத் தப்பி மேலே போக முடியாது. நமது ஊர்ச் சந்திக்கடை ஆச்சிமாரைப் போல. மாலையில் தெருவில் பெரும்பாலும் உணவு வண்டிகள், பள்ளிப் பிள்ளைகள், கடை வாசலில் கதிரை போட்டிருக்கும் கிழவர்கள். எட்டரைக்குப் பிறகு ஊர் அடங்கிவிடும். எனக்கு ஒருமுறை காய்ச்சல் கண்டபோது, கேளாமலே கஞ்சி வந்தது. இவை ஓர் ஆண் கண்டவை என்பதை நினைவில் வைத்து எடைபோடுங்கள்.

சைவ உணவு கடினம்தான், ஏனெனில் மரக்கறிப் பொரியலிலும் மீன்சாறு ஊற்றுவார்கள். "ஜே" என்ற சொல்லைப் பழகிக்கொள்ளுங்கள். சீன மரபில் இறைச்சி, மீன், முட்டை எதுவும் சேர்க்காத உணவுக்கு அதுதான் பெயர். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தோடு தொங்கும் கடைகளில் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம். உள்ளி, வெங்காயம்கூட இராது என்பது மட்டும் குறை. முஸ்லிம் கடைகளில் காலையில் வீச்சு ரொட்டி கிடைக்கும். கறியில் என்ன இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள்.

மோட்டார் சைக்கிள் எடுப்பதானால் கொழும்பில் இலங்கை மோட்டார் வாகனச் சங்கத்தில் சர்வதேசச் சாரதி அனுமதிப்பத்திரம் பெற்றுச் செல்லுங்கள். அதில் மோட்டார் சைக்கிள் வகைக்கு முத்திரை இருக்க வேண்டும். அது இல்லாமல் விழுந்தால் காப்புறுதி ஒரு சதமும் தராது. அங்கும் இடப்பக்கமே ஓடுகிறார்கள். கடவுச்சீட்டை ஈடாகக் கேட்கும் வாடகைக் கடையிலிருந்து எழும்பி வந்துவிடுங்கள்.

வான்கதவு (ஓய்வுபெற்ற நீர்ப்பாசன உத்தியோகத்தர், முத்தையன்கட்டு)

எல்லாவற்றையும் வாசித்தேன். பிள்ளைகள் உலகம் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆயினும் ஆறரை இலட்சம் செலவழித்து இன்னொருவருடைய கடலைப் பார்த்து வந்தவர், சாலை என்னும் ஊரிலிருந்து கொக்கிளாய் வரை நமது கரையை எத்தனை நாள் நடந்து பார்த்தார் என்று கேட்க விரும்புகிறேன். அந்த ஊரில் இரண்டு மாதம் இருந்து, நமக்குச் சொல்லத்தக்கதாக என்னத்தைக் கண்டீர்கள்? மீன்சாறும் மோட்டார் சைக்கிளும்தானா?

அலைகரை

ஐயா, கேள்வி நியாயமானது. நமது கரையை நான் முழுதாக நடந்ததில்லை. நீங்கள் கேட்டதால் இரண்டு விடயங்களை எழுதுகிறேன். இவற்றை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

முதலாவது பான் நாம் கெம். தக்குவாபாவுக்கு அண்மையிலுள்ள மீனவக் கிராமம். 2004 டிசம்பர் 26 அன்று முல்லைத்தீவை அழித்த அதே அலை, அங்கும் வந்து ஊரையே கொண்டுபோனது. கரைக்கு வெளியே நின்ற 813 இலக்கப் பொலிஸ் ரோந்துப் படகு, காவோ லாக்கில் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கு மேல் உள்ளே தூக்கி எறியப்பட்டு, விழுந்த இடத்திலேயே நினைவுச் சின்னமாக நிற்கிறது. நான் அதன் நிழலில் நின்றபோது அங்கே காவல் இருந்தவர் எந்த நாடு என்று கேட்டார். இலங்கை என்றதும் கையால் அலைபோல் காட்டி, "நீங்களுமா?" என்பது போலத் தலையை அசைத்தார். அவருக்குத் தமிழோ ஆங்கிலமோ தெரியாது. எனக்கு அப்போது தாய்லாந்து மொழியில் எண்கள் மட்டுமே தெரியும். அவர் வீட்டில் எத்தனை பேர் என்பதை விரலில் காட்டினார். நானும் காட்டினேன். சூரின் தீவுகளில் வாழும் மோக்கன் மக்கள், கடல் திடீரென்று வற்றியதைக் கண்டு முன்னோர் சொன்ன பேரலைக் கதையை நினைத்து மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள் என்பதையும் அந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள்.

இரண்டாவது உங்களுக்கென்றே உள்ளது, ஐயா. தக்குவாபாவுக்கு அண்மையில் ஆற்றோரம் பிரா நாராய் என்ற குன்று இருக்கிறது; நாராயணன் குன்று என்று நாம் சொல்லலாம். அங்கே 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. சிதைந்த சில வரிகள்தாம். நாங்கூரைச் சேர்ந்த ஒருவர் தொட்ட (தோண்டிய) குளத்தின் பெயர் ஸ்ரீ அவனிநாரணம் என்றும், அது மணிக்கிராமத்தார்க்கும் சேனாமுகத்தார்க்கும் அடைக்கலம் என்றும் சொல்கிறது. அவனிநாரணன் என்பது பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் விருதுப்பெயர். மணிக்கிராமம் கடல் கடந்து வாணிபம் செய்த வணிகக் குழு; சேனாமுகம் படைக்குழு என்பர். நான் 401ஆம் வீதியில் வந்த அந்த மலைவழிதான் வளைகுடாவுக்கும் அந்தமான் கடலுக்கும் இடையே பண்டைய சரக்குகள் கடந்த பாதைகளில் ஒன்று என்கிறார்கள். குன்றிலிருந்து எடுத்த பெரிய திருமால் சிலைத் தொகுதியைப் புக்கெற் தீவின் தாலாங் அருங்காட்சியகத்தில் பார்த்தேன்.

வான்கதவு

தம்பி, முப்பத்து நான்கு வருடம் குளக்கட்டில் நடந்தவன் என்பதால் சொல்கிறேன். வியாபாரத்துக்குப் போனவர் கப்பலுக்குத் தண்ணீர் வேண்டுமானால் கிணறு வெட்டியிருப்பார். குளம் தொட்டிருக்கிறார் என்றால் அடுத்த மாரியையும் அதற்கடுத்த மாரியையும் அங்கே காண எண்ணியிருக்கிறார் என்பதுதான் பொருள். கட்டு, துருசு (மதகு), வான் (மிகைநீர் வழி) மூன்றும் ஆண்டுதோறும் ஆள் பார்க்க வேண்டியவை. அதனால்தான் ஊரைவிட்டுப் போகக்கூடியவர் ஒருவரிடம் அல்லாமல், இரண்டு குழுக்களிடம் அடைக்கலம் கொடுத்திருக்கிறார். நம்முடைய குளங்களுக்குக் கமக்காரர் அமைப்பு எதற்கோ, அதற்குத்தான் இதுவும். முன்னைய பதிவில் நான் கடுமையாக எழுதிவிட்டேன். கல்வெட்டின் வாசகம் முழுவதும் இருந்தால் அனுப்பி வையுங்கள்.

அலைகரை

ஐயா, தனிமடலில் அனுப்புகிறேன். சாலையிலிருந்து கொக்கிளாய் வரை நடப்பது பற்றி நீங்கள் சொன்னது மனதில் நிற்கிறது. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் முடிந்தபின் செம்மலை அண்ணாவையும் கேட்டுக்கொண்டு தொடங்கலாம் என்று இருக்கிறேன். உங்கள் முழங்கால் இடங்கொடுக்குமானால் அலம்பில் வரையாவது சேர்ந்து வாருங்கள்.

மருதமடு

நான் சீட்டு எடுத்துவிட்டேன். சனவரி நடுப்பகுதி, ஐம்பது நாள், முதலில் அந்தமான் கரை. அந்த வீட்டுக்கார அம்மாவின் தொடர்பைத் தனிமடலில் தாருங்கள். முற்பணம் எவ்வளவு கேட்பார்?

அலைகரை

ஒரு மாத வாடகை முற்பணம், அக்கா. போகும்போது மின்கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மிகுதியைத் தருவார். எனக்குச் சதக்கணக்குவரை தந்தார். கொண்டுபோவதானால் பனங்கட்டிக் குட்டான் நாலைந்து கொண்டுபோங்கள். அவர்களிடமும் பனங்கட்டி உண்டு; ஆனால் ஓலைக் குட்டானில் வருவதை நான் படத்தில் காட்டியபோது, கடையில் நின்றவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அடுத்தமுறை கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். நீங்கள் முந்திப் போகிறீர்கள். முள்ளியவளைப் பொடியன் தந்துவிட்டதாகச் சொல்லிக் கொடுங்கள்.